பேரம் தெரியாத தீவு

உப்புக்கு யாரும் விலை வைக்காத அந்தக் காலத்தில், கடலுக்கு நடுவே ஒரு கிராம்புத் தீவு இருந்தது. அங்கே காசு கிடையாது. எதை வாங்கினாலும் கை நிறையக் கிராம்பை அள்ளிக் கொடுப்பார்கள்.

நம் கரையில் மூன்று வருஷம் மழை பொய்த்தது. மாடத்தி என்ற பாய்க்காரி முப்பது கோரைப் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அந்தத் தீவுக்குக் கப்பல் ஏறினாள். இறங்குவதற்குள் மாலுமிகளிடம் வாயாடியே அந்த ஊர்ப் பேச்சையும் பிடித்துக்கொண்டாள்.

தீவின் சட்டம் கறாரானது. வெளியூர்க்காரருக்கு மூன்று சந்தை நாள். அதற்குள் சரக்கை விற்றுக் காட்டினால் கடை போட இடம். இல்லையென்றால் வந்த கப்பலிலேயே மூட்டையோடு திரும்ப வேண்டும்.

முதல் சந்தை. ஒருத்தி பாயைத் தடவிப் பார்த்து விலை கேட்டாள். பத்துக் கை கிராம்பு என்றாள் மாடத்தி. வியாபாரம் தெரிந்த நமக்கு இதில் என்ன? அவள் நாலு என்பாள், இவள் எட்டு என்பாள், ஆறில் முடியும். அந்த மகராசியோ தலையை ஆட்டிவிட்டு, பாயை வைத்துவிட்டு நடந்தாள். ஏழுக்குத் தருகிறேன் என்று இவள் கூப்பிட, அவள் இன்னும் வேகமாக நடந்தாள். அந்தத் தீவில் ஒருமுறை சொன்னதுதான் விலை. பத்து என்றவள் ஏழு என்றால், முதலில் சொன்னது பொய்தானே?

இரண்டாம் சந்தை. எடுத்த எடுப்பிலேயே ஆறு என்றாள். போன சந்தையில் பத்து, இன்றைக்கு ஆறு. பாயில் பொத்தல் இருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. ஒன்றுகூட விற்கவில்லை.

மூன்றாம் சந்தை. துறையில் கப்பல் நங்கூரம் தூக்கத் தயாராக நின்றது. மாடத்திக்கு வாய் அரித்தது. பேரம் பேசாமல் இத்தனை நாள் அவள் இருந்ததே இல்லை. விருட்டென்று எழுந்து தன் கடைக்கு முன்னால் வந்து, வாங்க வந்தவளைப் போல இடுப்பில் கை வைத்தாள்.

"பத்தா? பாய் என்ன, தானே தாலாட்டுப் பாடுமா? நாலு."

ஒரே தாவலில் உள்ளே போய் உட்கார்ந்தாள். "நாலுக்குக் கோரைதான் வரும். நீயே நெய்துக்கோ. எட்டு."

மறுபடி வெளியே. "எட்டு குடுத்தா என் புருஷன் என்னையும் சேர்த்துச் சுருட்டி வச்சிடுவான். அஞ்சு."

சந்தையே கூடிவிட்டது. மீன்காரி மீனைக் காக்கைக்கு விட்டுவிட்டு வந்தாள். உள்ளே, வெளியே, உள்ளே என்று ஓடி ஓடி, மூச்சு வாங்க ஆறில் வந்து நின்றாள் மாடத்தி. விலை எங்கிருந்து பிறந்தது என்று ஊர் கண்ணால் பார்த்தாயிற்று. அப்புறம் என்ன சந்தேகம்? பொழுது சாய்வதற்குள் முப்பது பாயும் போய்விட்டது.

சந்தைத் தலைவர் வந்தார். சொன்ன விலையை மாற்றியதால் விற்றது செல்லாது என்றார்.

"ஐயா, பத்து சொன்னவ கடைக்காரி. நாலு சொன்னவ வாங்க வந்தவ. ரெண்டு பேரும் சண்டையை முடிச்சு ஊருக்குச் சொன்ன விலை ஆறு. அதை யாருக்காவது மாத்தினேனா?"

விசாரித்தார். எல்லோரும் ஆறுதான் கொடுத்திருந்தார்கள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கடை போட இடம் உண்டு, வாடகை மாதம் பத்துக் கை என்றார்.

மாடத்தி ஊர் வழக்கப்படி தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

தலைவர் அவள் நின்ற இடத்துக்குத் தாவிப் போய், இடுப்பில் கை வைத்தார்.

"பத்தா? இடம் என்ன, தானே வியாபாரம் பண்ணுமா? நாலு."

அது எதில் முடிந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

போன ஊரின் வழக்கத்தை மதித்து, பிறந்த ஊரின் திறமையையும் கைவிடாதவருக்கு எந்த ஊரும் இடம் கொடுக்கும்.