மதி என்றால் நிலா

புன்னைக்குடி ராஜாவின் சபையில் வாகீசப் பண்டிதர் என்று ஒருவர் இருந்தார். தலைப்பாகை பெரியது. குரல் அதைவிடப் பெரியது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான், அதுவும் தாம் சொல்வதுதான் என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவர்கள் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்தப்புரத்தில் ராணிக்கு ஓலை வாசித்துச் சொல்லும் வேலை காலியாயிற்று. அதுவரை வாசித்துவந்தவள் பூரணம் என்ற பெண்ணின் தாய். அவள் இறந்துவிட்டாள். கோட்டைக்குள் அவர்கள் இருந்த வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை கிடைக்காவிட்டால் பூரணம் கைக்குழந்தையோடு தெருவுக்குப் போக வேண்டியதுதான்.

பண்டிதருக்கோ தம் மைத்துனி கனகாம்பிகையை அந்த வேலையில் நுழைத்துவிட ஆசை. "தேர்வு வைத்து எடுப்போம் மகாராஜா. அதுதான் நியாயம்" என்றார். கேள்வி கேட்பவரும் அவர்தான், சரி தவறு சொல்பவரும் அவர்தான். நியாயத்துக்கு என்ன குறைச்சல்.

தேர்வு நாளில் ஓர் ஓலையைக் கொடுத்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'மதி இல்லாதவனிடம் பொறுப்பைக் கொடுக்காதே. கொடுத்தால் காரியமும் கெடும், நீயும் கெடுவாய்.'

"மதி என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?" என்று கேட்டார்.

கனகாம்பிகை ஓலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நிலா" என்றாள்.

"சபாஷ்."

பூரணம் ஓலையை நிதானமாக வாசித்தாள். "அறிவு" என்றாள்.

"தவறு."

"எப்படி ஐயா தவறு? நிலா இல்லாதவனிடம் பொறுப்பைக் கொடுக்காதே என்றா எழுதியிருக்கிறது? நிலாவை யார் ஐயா வீட்டில் வைத்திருக்கிறார்கள்?"

"வாயாடாதே. நான் கேட்டது சொல்லுக்குப் பொருள்."

"பிறகு இந்த ஓலை எதற்கு?"

"வாசிப்பதற்கு" என்றார் பண்டிதர். கொஞ்சமாவது கூச்சம் இருந்தால் அப்படிச் சொல்வாரா?

ராஜாவுக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் தமிழ் என்று வந்துவிட்டால் பண்டிதரிடம் அவருக்கே பயம். வழக்கம்போலக் குழைக்காதரைப் பார்த்தார். ராஜா பேசத் தயங்குவதைப் பேசுவதற்கென்றே சபையில் இருந்தவர் அவர்.

குழைக்காதர் எழுந்தார். "பண்டிதர் சொன்னதே சரி" என்றார். பூரணத்தின் முகம் செத்துவிட்டது.

"இந்தச் சபையில் இனி மதி என்றால் நிலா மட்டும்தான். அப்படித்தானே பண்டிதரே?"

"அப்படியேதான். மகாராஜாவே சாட்சி."

"ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் தலையில் மதி உண்டா?"

"இதென்ன கேள்வி? வேண்டிய மட்டும் உண்டு."

குழைக்காதர் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தார். "சிவபெருமானே! தலையில் நிலாவைச் சூடியவர் மூவுலகிலும் ஒருவர்தானே. இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்தும் அடியேனுக்குத் தெரியவில்லையே."

சபையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பண்டிதருக்கு அந்தக் கும்பிடு பிடித்துக்கூட இருந்தது. அது அவர் புத்தி.

குழைக்காதர் எழுந்து அரண்மனை வைத்தியரின் காதில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் ஒரு கிண்ணம் வந்தது. உள்ளே கறுப்பாக என்னவோ இருந்தது, ஆவி பறந்தது.

"சுவாமி ஆலகால விஷத்தையே குடித்தவர். இது எலிக்கு வைப்பது. தலையில் மதி உள்ளவரை இது என்ன செய்துவிடும்? குடித்தருள வேண்டும்."

பண்டிதருக்கு வேர்த்துக் கொட்டியது. "அதாவது... மதி என்பதற்கு..." என்று ஆரம்பித்தார். தூணருகிலிருந்து கனகாம்பிகை முறைத்தாள். அறிவு என்று சொன்னால் பூரணம் தேறிவிடுவாள். சொல்ல வந்ததை விழுங்கினார்.

"ஆறிவிடப் போகிறது சுவாமி."

"வேண்டாம். என் தலையில் மதி இல்லை."

"சரியாகக் காதில் விழவில்லை."

"எனக்கு மதியே இல்லை! போதுமா?"

"போதும்" என்று பூரணத்தின் பக்கம் திரும்பினார் குழைக்காதர். "தாயே, அந்த ஓலையை மகாராஜாவுக்கு இன்னொரு தடவை வாசித்துக் காட்டு."

பூரணம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தாள். "மதி இல்லாதவனிடம் பொறுப்பைக் கொடுக்காதே."

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். "பண்டிதரே, மதியை நிலா என்று வைத்தாலும் உம்மிடம் இல்லை. அறிவு என்று வைத்தால் சொல்லவே வேண்டாம். தேர்வு வைக்கும் பொறுப்பை இறக்கிவைத்துவிட்டுப் போம். பூரணம், நாளை முதல் ராணிக்கு நீ வாசி. வீடு உன்னுடையது."

பிறகு குழைக்காதரிடம் கேட்டார். "உமக்கு என்ன வேண்டும்?"

"அந்தக் கிண்ணம்தான் மகாராஜா. காலையிலிருந்து வயிறு சரியில்லை."

பண்டிதர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்து மடமடவென்று குடித்தார். சுக்குக் கஷாயம்.