சந்தனமாரியும் மூணாவது டெஸ்ட்டும்

காலை நீட்டிக்கோ. போர்வையை இழுத்து விடு. இன்னிக்கு அத்தைதான் கதை சொல்லப் போறேன். நடுவுல நடுவுல "ம்" சொல்லணும், சொல்லலைன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு நர்சிங் காலேஜாம். அந்தக் காலேஜு ஹாஸ்டல்ல சந்தனமாரி, சந்தனமாரின்னு ஒரு பொண்ணு. அவ வீட்டுல, அவ தெருவுல, அவளுக்கு முன்னாடி யாரும் காலேஜு வாசலை மிதிச்சதில்ல. இவதான் முதல். நம்ம உடம்புக்குள்ள என்னென்ன இருக்கு, எது எப்படி ஓடுதுன்னு அவளுக்கு ஒரு பாடம். புத்தகம் தலகாணி தண்டி இருக்கும்.

ம்?

சோம்பேறி இல்ல அவ. ஒரு மஞ்சப் பேனா வாங்கி வச்சுக்கிட்டு சர்ர்ர்... சர்ர்ர்னு வரிக்கு வரி கோடு போடுவா. ஒருதரம் படிப்பா, ரெண்டுதரம் படிப்பா, அஞ்சுதரம் படிப்பா. படிக்கப் படிக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும்.

அப்புறம் முதல் டெஸ்ட் வந்துச்சு. ஃபேன் கிர்ரக் கிர்ரக்னு சுத்துது. ஜெயராணி மேடம்தான் அந்தப் பாடத்துக்கு டீச்சர். அவங்க செருப்பு டக் டக் டக்னு நடக்குது. இதயத்துக்குள்ள ரத்தம் போற வழியை எழுதுன்னு ஒரு கேள்வி. அது எந்தப் பக்கம்னு சந்தனமாரிக்குத் தெரியும். அந்தப் பக்கத்து மூலையில டீக் கறை இருக்கிறதுகூடத் தெரியும். ஆனா எழுதப் போனா ஒரு வரி வரல! கை ஜில்லுனு ஆயிடுச்சு. நெஞ்சு திக் திக் திக். அம்பதுக்குப் பதினாலு.

அப்போ அவ என்ன பண்ணா? இன்னும் கோடு போட்டா. மஞ்சளுக்கு மேல ரோஸ். நடக்கிறப்ப படிச்சா, சாப்பிடுறப்ப படிச்சா. ரெண்டாவது டெஸ்ட்டும் வந்துச்சு. பேப்பரைக் கையில வாங்குறதுக்குள்ளேயே காது ஙொய்ய்ய்னு அடைச்சுக்கிச்சு. அம்பதுக்குப் பதினொண்ணு!

மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்க. "மூணாவதுல முப்பத்தஞ்சு வந்தாதான் உனக்கு ஹால் டிக்கெட். இல்லைன்னா பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் போயிடும்."

அன்னிக்கு அவ அம்மா போன் பண்ணாங்க. "டெஸ்ட்டெல்லாம் எப்படிம்மா எழுதின?"

"நல்லா எழுதினேன்மா."

சொல்லிட்டா. பொய்தான். ம்? முழிச்சுத்தான இருக்க? பயப்படாத, என் கையைப் பிடிச்சுக்கோ.

அவ கூட ரூம்ல பெனிட்டான்னு ஒரு பொண்ணு. அவ எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தா. ஒருநாள், "புத்தகத்தை மூடு. இப்ப சொல்லு, ரத்தம் எங்கேருந்து எங்க போகுது?"ன்னா.

சந்தனமாரி வாயைத் திறந்தா. ஒண்ணுமே இல்ல! டெஸ்ட் ஹால்ல வந்த அதே பயம் ரூமுக்குள்ளேயே வந்துடுச்சு.

"வேணாம்டி, திறந்து வச்சுக்கிறேன். மூடினா பயமா இருக்கு."

"இங்க பயந்தா உனக்கு யாருடி மார்க்கைக் குறைக்கப் போறா? பயப்படுறதை இங்கேயே பயந்துக்கோ."

அன்னிலேருந்து கோடு போடுறதை விட்டுட்டா. ஒரு பக்கம் படிப்பா, பட்டுனு மூடுவா, பழைய காலண்டர் தாள்ல ஞாபகத்துலேருந்து எழுதுவா. அப்புறம் திறந்து பாப்பா. முதல் நாள் பாதிக்கு மேல தப்பு. அழுதுட்டா. மறுநாள் அதையே மறுபடி எழுதினா, தப்பு குறைஞ்சுது. ரெண்டு நாள் விட்டு மறுபடி. ஒரு வாரம் விட்டு மறுபடி. எழுதி முடிச்சதை பெனிட்டாகிட்ட வாயால சொல்லுவா. ஒவ்வொரு தடவை மூடுறப்பவும் பயம் வரும். ஆனாலும் மூடுவா.

மூணாவது டெஸ்ட் வந்துச்சு. கிர்ரக் கிர்ரக். டக் டக். கை ஜில்லுனு ஆச்சு, காது அடைச்சுது. ரூம்ல தினம் இப்படித்தான இருந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டா. இதயக் கேள்விக்கு நாலு கட்டம் போட்டா, அதுதான் இதயத்தோட நாலு அறை. அப்புறம் விறுவிறுன்னு எழுதினா.

நாப்பத்தொண்ணு!

ம்... சிரிக்கிறியா? இரு, இன்னும் இருக்கு.

மறுநாள் மேடம் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. முகத்துல சிரிப்பே இல்ல. "பதினொண்ணு எடுத்தவ நாப்பத்தொண்ணு எடுத்திருக்க. யாரைப் பாத்து எழுதின?"

"யாரையும் பாக்கல மேடம்."

"அப்ப இங்க நின்னு சொல்லு. ரத்தம் போற வழி."

நாலு டீச்சருங்க திரும்பிப் பாக்குறாங்க. சொன்னா. "உடம்பு பூரா சுத்திட்டு வலது மேலறைக்கு வரும் மேடம். மூணு இதழ் வால்வு வழியா வலது கீழறை. அங்கேருந்து நுரையீரல். அப்புறம் இடது மேலறை. அப்புறம்... அப்புறம்..."

நின்னு போச்சு! ஒரு டீச்சர் உச்சு கொட்டினாங்க. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது.

"மேடம், மறந்துடுச்சு. முதல்லேருந்து சொல்லிக்கவா?"

மேடம் தலையாட்டினாங்க. கண்ணை மூடிக்கிட்டு, வலது மேலறையிலேருந்து மனசுக்குள்ள மெள்ள நடந்து வந்தா. இடது மேலறை. "ரெண்டு இதழ் வால்வு! அது வழியா இடது கீழறை. அங்கேருந்து பெரிய குழாய் வழியா உடம்பு பூரா."

மேடம் சொன்னாங்க. "பாத்து எழுதினவ மறந்தா அங்கேயே நின்னுடுவா, நீ திரும்ப வழி கண்டுபிடிச்சு வந்துட்ட. நான் கேட்டது தப்பு சந்தனமாரி. நாளைக்கு வந்து ஹால் டிக்கெட் வாங்கிக்கோ."

வெளிய வந்து படியில உக்காந்தா. அம்மாவுக்குப் போன் போட்டா. "அம்மா, முதல் ரெண்டு டெஸ்ட்லயும் நான் ஃபெயிலும்மா. பொய் சொல்லிட்டேன். இப்பதான் பாஸ்."

அடி விழுறதுக்குக் காத்திருக்கிற மாதிரி இவ உக்காந்திருந்தா.

அப்புறம் அம்மா கேட்டாங்க. "இத்தனை நாளும் தனியாவா பயந்துக்கிட்டு இருந்த?"

அப்போதான் சந்தனமாரி ஓன்னு அழுதா.

என்ன? பெரிய பரீட்சையா? எழுதினா, பாஸும் பண்ணா. பயமா? அன்னிக்கும் வந்துச்சு கண்ணு. வரட்டும்னு விட்டுட்டு எழுதினா.

ம்? ...ம் காணோமே. சரி சரி. சந்தனமாரியும் தூங்கப் போயிட்டா, கதையும் தூங்கப் போயிடுச்சு. நீயும் தூங்கு.