மீட்டரும் ராஜாவின் பாதக்குறடும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எலக்ட்ரீஷியன் சந்தியாகு அண்ணன். போன கார்த்திகையில் பூஜையறை சீரியல் விளக்கைச் சரிபார்க்க வந்தவர், ஸ்டூல் மேல் நின்றபடியே சொன்னார்.

மருதங்காட்டுக்கு ஒரு ராஜா. எந்தக் காலத்து ராஜா என்று கேட்டேன். மல்டிமீட்டர் வந்த பிறகுதான் என்றார் அண்ணன்.

அரண்மனைக் கோபுர உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு. விநாடிக்கு ஒருதரம் பளிச்சென்று மின்னும். பத்தில் ஒரு பங்கு நேரம்தான் எரியும், மீதி நேரம் இருட்டு. மாட்டியவர் அரண்மனை எலக்ட்ரீஷியன் சின்னக்கண்ணு. எரியும்போது ஒரு ஆம்பியர் இழுக்கும் என்று சொல்லியிருந்தார். கரண்டை அளக்க ராஜா ஆசையாக வாங்கிய மல்டிமீட்டரில் பார்த்தால் ஒருதரம் ஒன்று, அடுத்ததரம் சைபர், அப்புறம் அரைகுறையாக ஏதோ. எண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

திவான் பூவலிங்கத்துக்கு அந்த வேலையில் தன் மைத்துனனை உட்காரவைக்க வெகுநாள் ஆசை. விளக்கும் பொய், மாட்டிய ஆளும் பொய் என்று ராஜாவின் காதில் ஓதினார். நாளை மதியத்துக்குள் அசையாத ஒரே எண்ணைக் காட்டவேண்டும், இல்லையென்றால் ஊரைவிட்டே போகவேண்டும் என்று உத்தரவாயிற்று.

சின்னக்கண்ணுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாச் சாமியையும் கும்பிட்டுவிட்டு அரசவை விகடர் செங்கோடனிடம் போய் நின்றார். எண்ணை நிறுத்த வழி தெரியுமா என்று செங்கோடன் கேட்டார். தெரியும், திவான் பேசவிட்டால்தானே என்றார் சின்னக்கண்ணு.

"அப்போ மீட்டரை நீ பார்த்துக்கோ. திவானை நான் பார்த்துக்கிறேன்."

மறுநாள் காலை செங்கோடன் ராஜாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். திவானின் அறைப்பக்கம் மூன்றுதரம் போய்வரவேண்டும், நடுவில் ஒருதரம் மட்டும் வெறுங்காலோடு.

ராஜா பாதக்குறடு போட்டுக்கொண்டு டக் டக்கென்று போனார். திவான் தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு போனார். திவான் மேஜைமேல் காலைப் போட்டு வாய்பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் திரும்பிவந்து மறுபடி டக் டக்கென்று போனார். மறுபடி எழுத்து.

சபை கூடியது. "செங்கோடா, இதில் எது நிஜத் திவான்?" என்றார் ராஜா.

"எல்லாமே நிஜம்தான் மகாராஜா. மீட்டரும் உங்களைப்போல விட்டுவிட்டுத்தான் எட்டிப்பார்க்கும். அந்த நேரம் விளக்கு எரிந்தால் ஒன்று, அணைந்திருந்தால் சைபர்."

அப்படியானால் எப்படித்தான் அளப்பது என்றார் ராஜா. சின்னக்கண்ணு விளக்குக் கம்பியில் ஒரு ஓம் ரெசிஸ்டர் சேர்த்தார். ஒரு ஓமில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறதோ அத்தனை வோல்ட் காட்டும். அதன் வோல்ட்டை இன்னொரு பெரிய ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டரில் பிடித்து, அங்கே மீட்டரை வைத்தார். விட்டுவிட்டு வரும் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறோமே, அதுபோலத்தான். புள்ளி ஒன்று என்று காட்டி எண் அப்படியே நின்றது. அது சராசரி. எரிவது பத்தில் ஒரு பங்கு நேரம், ஆகவே எரியும்போது ஒரு ஆம்பியர். சின்னக்கண்ணு அன்றைக்குச் சொன்னதும் அதுதான்.

திவான் அவசரமாக எழுந்தார். "மகாராஜா எப்போது வந்தாலும் நான் வேலையாகத்தானே இருந்தேன்," என்றார்.

"மீட்டரும் முதலில் ஒன்று என்றுதான் சொல்லிற்று, அடுத்ததரம்தான் சைபர்," என்றார் செங்கோடன்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சின்னக்கண்ணுவின் வேலை நிலைத்தது. செங்கோடனுக்குப் பரிசாகத் தன் தந்தப் பாதக்குறட்டையே கழற்றிக் கொடுத்தார்.

"வைத்துக்கொள். இனி எனக்கு இது வேண்டாம்."

அன்றிலிருந்து திவான் பகலில் கண்மூடவில்லையாம்.

ராஜா கழற்றினார் என்று நீங்களும் கழற்றிவிடாதீர்கள். கரண்டில் கைவைக்கும்போது காலில் செருப்பு இருக்கட்டும், சாமி என்று முடித்தார் அண்ணன்.