மடத்து விலக்கு நிறுத்தம்

வைரவசுந்தரம் மாநகரப் பேருந்துக் கழகத்தின் நிர்வாக இயக்குநர். அவர் நடந்து வந்தால் அலுவலகமே எழுந்து நிற்கும். அவர் எழுந்து நிற்பது ஒருவர் முன்னால் மட்டும்தான். அந்த ஒருவர் ஊர்க்கோடி மடத்துச் சாமி, இவரைவிடப் பத்து வயது இளையவர்.

"சாமி, எங்க கழகத்துல சமூகப் பொறுப்புத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிக்கிறோம். நடக்க முடியாதவங்களுக்கு மூணு சக்கர வண்டி. நீங்கதான் வந்து கொடுக்கணும்."

"நல்ல காரியம். வர்றேன்."

"ஒரு சந்தேகம். எங்களை மாதிரி அரசு நிறுவனம் ஊருக்கு என்ன செஞ்சா கடமை தீரும்?"

"விழா எத்தனை மணிக்கு?" என்றார் சாமி.

"பத்துக்கு. கார் அனுப்புறேன்."

"கார் எதுக்கு? மடத்து வாசல்ல உங்க பஸ் போகுதே."

வைரவசுந்தரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

விழா நாளில் பந்தல் நிறைந்துவிட்டது. பதினொரு மணியாகியும் சாமியைக் காணோம். வண்டி வாங்க வேண்டியவர்களிலும் ஒரு பெண் மட்டும் வரவில்லை. மேயர் கடிகாரத்தைப் பார்ப்பதும் இவர் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வைரவசுந்தரம் காரில் ஏறி மடத்துக்கு விரைந்தார்.

மடத்து வாசலுக்கு எதிரே, சாலை பிரியும் மடத்து விலக்கு நிறுத்தத்தில், கொளுத்தும் வெயிலில் சாமி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கக்கத்தில் கட்டை ஊன்றிய ஒரு பெண்.

"என்ன சாமி இது! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"நாங்களும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இவங்க உலகம்மாள். உங்க விழாவுல வண்டி வாங்கத்தான் கெளம்பி வந்திருக்காங்க."

"பஸ் வரலையா?"

"வராம என்ன சார், வருது," என்றாள் உலகம்மாள். "தள்ளிப் போய்த்தான் நிக்கும். நான் கட்டையை ஊன்றிப் போய்ச் சேர்றதுக்குள்ள கெளம்பிரும். சாமி ஓடிப் போய் ஏறியிருக்கலாம். எனக்காக நின்னுட்டாங்க."

வைரவசுந்தரத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "ரெண்டு பேரும் கார்ல ஏறுங்க."

"கொஞ்சம் இருங்க. அதோ பஸ் வருது. கையைக் காட்டுங்க," என்றார் சாமி.

வைரவசுந்தரம் கையை நீட்டினார். ஓட்டுநருக்கு அவரைத் தெரியாது. வெயிலில் நிற்கும் ஒரு வழுக்கைத்தலை, அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, அடுத்த மின்கம்பத்துக்கும் அப்பால் போய் நின்றது.

சின்ன வயதுப் பழக்கம், கால் தானாக ஓடியது. நாலு எட்டு வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். உலகம்மாள் அப்போதுதான் முதல் அடிக்குக் கட்டையை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"வர்றியாய்யா, இல்லையா?" என்று நடத்துநர் படியிலிருந்து கத்தினார்.

வைரவசுந்தரம் நின்ற இடத்திலேயே நின்றார். வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றார் சாமி. "ஓடிப் போய் ஏறுங்க. நடக்க முடியாதவங்களுக்கு வண்டி கொடுக்கணும்ல? நேரமாச்சு."