ஒரு கை மல்லாட்டை

கருவேலம்பாடியில் நாற்பத்திரண்டு வீட்டு வறட்சி நிவாரணம் ஒரே வரியில் போய்விட்டது. "பயிர் பசுமையாக உள்ளது, சேதமில்லை" என்று வேளாண் அதிகாரி தணிகாசலம் எழுதிவிட்டார். அங்கே பயிரெல்லாம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. அந்தப் பணம் வராவிட்டால் அடுத்த போகத்துக்கு விதை கிடையாது.

குறைதீர் நாளன்று, குத்தகை நிலத்தில் பயிர் வைத்த அஞ்சலாட்சி ஒரு கட்டுச் செடியைத் தலையில் சுமந்து போய்க் கலெக்டர் முன்னால் இறக்கினாள். இலையெல்லாம் கரும்பச்சை.

தணிகாசலம் சிரித்தார். "பாருங்க மேடம், இதுவா காஞ்ச பயிர்? சேதம் எங்கேன்னு காட்டச் சொல்லுங்க."

"எனக்குக் காட்டத் தெரியலைங்க ஐயா," என்றாள் அஞ்சலாட்சி. "இந்தக் கட்டுலேருந்து ஒரு கை மல்லாட்டை நீங்களே உரிச்சுக் குடுங்க. நாப்பத்திரண்டு வீடும் நிவாரணமே வேணாம்னு கைநாட்டு வச்சிட்டுப் போயிடறோம்."

அவர் ஒரு காயை உடைத்தார். உள்ளே பருப்பு இல்லை. அடுத்ததும் பொக்கு. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரத்தில் மழை பொய்த்து, பின்னால் தூறினால் இலை தழைக்கும், பருப்பு பிடிக்காது. அவர் உடைக்க உடைக்க மண்டபத்தில் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மேசை நிறைய ஓடு சேர்ந்த பிறகு கலெக்டர் கேட்டார். "ஆய்வுக்குப் போன அன்னைக்கு எத்தனை செடி பிடுங்கிப் பார்த்தீங்க?"

தணிகாசலம் இன்னொரு காயை எடுத்து உடைத்தார். அஞ்சலாட்சிதான் சொன்னாள்.

"ஐயா மேல தப்பில்லைங்கம்மா. மல்லாட்டை மண்ணுக்குள்ள காய்க்கும். ஜீப்புல உக்காந்து பார்த்தா எப்படித் தெரியும்?"