கழுத்தில் ஓர் ஒட்டு

"மூணாவது கழுத்தும் போச்சு டீச்சர்" என்றார் குணசீலன்.

அவர் கையில் கிட்டாரின் தலை மட்டும் இருந்தது. கம்பிகளை முறுக்குகிற ஆறு சாவிகளும் அதில் அப்படியே இருந்தன.

ஷெரில் நிமிர்ந்து பார்த்தாள். பெரம்பூரில் எலக்ட்ரிக் கிட்டார் செய்கிற அந்தப் பட்டறை அவளுடையது. வயது இருபத்தொன்பது. வேலை கற்றுக்கொள்ள வந்த குணசீலனுக்கு ஐம்பத்து நான்கு. முப்பது வருஷம் கதவும் நிலையும் செய்தவர். சேர்ந்த அன்று அவளை மேடம் என்றார். பேரைச் சொல்லுங்க அங்கிள் என்றாள். அது அவர் வாயில் வரவில்லை. கடைசியில் டீச்சர் என்பதில் இரண்டு பேரும் சமாதானமானார்கள்.

"எப்படி உடைஞ்சது?"

"அதுதான் புரியல. பெட்டிக்குள்ள இருந்தது. பெட்டி சாய்ஞ்சு விழுந்தது. திறந்து பார்த்தா தலை தனியாக் கிடக்கு. எங்கயும் ஒரு கீறல் கிடையாது. அடியே படாம எப்படி டீச்சர் உடையும்?"

"தலையில ஆறு இரும்புச் சாவி இருக்கு. உடம்பு நின்ன பிறகும் தலை போய்க்கிட்டே இருக்கும். முதல் ரெண்டு?"

"முதல்ல செஞ்சது ஸ்டாண்டுல இருந்து மல்லாக்க விழுந்தது. ரெண்டாவதைத் தடியாச் செஞ்சேன்."

"எவ்வளவு தடியா?"

"எம்பொண்ணு கையில வாங்கிப் பார்த்துட்டு, அப்பா, இது கிட்டாரா கட்டில் காலான்னு கேட்டா."

ஷெரில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அதையும் தள்ளிவிட்டுப் பார்த்தேன்" என்றார் அவர். "அதே இடம்."

அவருடைய மகள் எஸ்தருக்குச் சொகுசுக் கப்பல் ஒன்றின் இசைக்குழுவில் வேலை கிடைத்திருந்தது. எட்டு மாதம் கடலில். கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள். அவள் வந்து சொன்னபோது குணசீலன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கிட்டார் நான் செஞ்சு தர்றேன் என்றார். அந்த வீட்டில் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

"கப்பல் ஆடும் டீச்சர். கிட்டார் விழும். விழுந்தாலும் உடையாத கழுத்து எப்படிச் செய்யறது?"

ஷெரில் உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்து நீட்டினாள்.

"அந்தத் தலையைப் பிளங்க."

"எதுக்கு?"

"அடுப்புக்குன்னு வெச்சுக்கோங்க."

உளியை எங்கே வைப்பது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. ஒரே தட்டு. பிளவு தலையின் நீளத்துக்குப் போகவில்லை. முன்பக்கம் தொடங்கி, குறுக்கே சரிந்து, பின்பக்கம் வெளியே வந்தது.

"மரத்தோட நார் எந்தப் பக்கம் ஓடுது அங்கிள்?"

"கழுத்து போற பக்கம்."

"தலை?"

"தலையைப் பின்னால சாய்ச்சுச் செதுக்கினேன்."

"நார்கிட்ட சொன்னீங்களா?"

அவர் பிளந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் துண்டைக் கதவுல வைப்பீங்களா?"

"ஆப்புக்குக்கூட வைக்க மாட்டேன்" என்றார்.

நாலாவது கழுத்துக்கு அவர் எடுத்து வைத்திருந்த மகோகனிக் கட்டை மேசைமேல் கிடந்தது. செங்குன்றம் மரக்கடையில் அரை நாள் புரட்டித் தேடி எடுத்தது. ஒரு கணுகூட இல்லை.

ஷெரில் அதில் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு போட்டாள். கோட்டின்மேல் ரம்பத்தை வைத்தாள்.

குணசீலனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் கோபம் வந்தது.

"ஒட்டுப் போடச் சொல்றீங்க."

"ஆமா."

"முப்பது வருஷம் டீச்சர். வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு, நிலையைத் தடவிப் பாருங்க, ஓர் ஒட்டு கையில தட்டினா பேத்து எடுத்துட்டுப் போயிடறேன்னு சொல்லி மாட்டினவன் நான். எம்பொண்ணுக்கு ஒட்டுப் போட்டதையா குடுத்தனுப்பறது?"

"பசை காய ஒரு நாள் ஆகும்" என்றாள் ஷெரில். "சீவ மூணு நாள். மத்த வேலைக்கு நாலு."

பிறகு யாரோ பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் அவர் அந்தக் கட்டையைத் தொடவில்லை. உளிகளைத் தீட்டினார். தீட்டியதையே மறுபடி தீட்டினார். பட்டறையைக் கூட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் மேசை ஓரத்தில் ஷெரில் இரண்டு கட்டைகளை இறுக்கி வைத்திருந்தாள். இரண்டுக்கும் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்று ஒரே மரத்தில் செதுக்கியது. மற்றது ஒட்டியது.

"அடிங்க" என்றாள்.

ஒரே மரம் முதல் அடியில் போய்விட்டது.

ஒட்டியது ஓர் அடிக்கு அசையவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இரண்டாவது அடிக்கு மேசை நகர்ந்தது.

"மேசையை விட்டுடுங்க அங்கிள். அது பாவம்."

ஐந்தாவது அடியில் உடைந்தது.

குணசீலன் குனிந்து எடுத்தார். நகத்தால் சுரண்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பசை விடல" என்றார். "பக்கத்துல இருக்கற மரம்தான் விட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப இதுவும் உடையும்."

"உடையும்."

"உடையாதது?"

"நான் செஞ்சதில்ல" என்றாள் ஷெரில்.

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் நின்றார். அவள் டீ வாங்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவர் ரம்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். பென்சில் கோட்டில் ரம்பத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முதல் இழுப்பை இழுத்தார். அதற்குமுன் ஒருநாளும் அவர் அப்படி ரம்பம் பிடித்ததில்லை. இரண்டாவது இழுப்பில் திறந்துகொண்டார்.

அறுத்த துண்டைப் புரட்டி, சாய்வோடு சாய்வு பொருத்தி ஒட்டினார்கள். செதுக்காமலே தலை பின்னால் சாய்ந்து நின்றது. கழுத்தின் நார் கழுத்தோடு ஓடியது. தலையின் நார் தலையோடு ஓடியது.

பசை காய்ந்த பிறகு குணசீலன் சீவ உட்கார்ந்தார். கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில், பின்பக்கம், ஷெரில் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க மட்டும் சீவாதீங்க. ஒரு மேடு இருக்கட்டும்."

"கழலை மாதிரி இருக்கும் டீச்சர்."

"இருந்துட்டுப் போகட்டும். இருக்கறதிலயே மெலிஞ்ச இடம் அதுதான்."

விட்டுவைத்தார். மேட்டின் குறுக்கே ஒட்டின கோடு தலைமுடி அளவுக்குத் தெரிந்தது. எத்தனை உப்புத்தாள் தேய்த்தாலும் அவர் கண்ணுக்கு மட்டும் அது வாசல்படி அகலத்துக்குத் தெரிந்தது.

கம்பி மாட்டின அன்று சின்னக் கறுப்புப் பெயிண்ட் டப்பா ஒன்று வாங்கி வந்தார்.

"அந்தக் கோட்டுமேல மட்டும் அடிச்சுடவா டீச்சர்?"

"உங்க கிட்டார்" என்றாள் ஷெரில்.

அவர் மூடியைத் திறந்து தூரிகையை முக்கும்போது எஸ்தர் உள்ளே வந்தாள். மறுநாள் விமானம். மும்பை போய்க் கப்பலேற வேண்டும். ஷெரிலைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். கிட்டாரை எடுத்துத் திருப்பினாள்.

"இது என்னப்பா கோடு?"

"ஒட்டு" என்றார் குணசீலன். அவள் முகத்தைப் பார்க்காமல், "பெயிண்ட் அடிச்சுடறேன். தெரியாது" என்றார்.

எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஷெரில் ஆம்ப்ளிஃபயரின் ஒலியை மெல்ல ஏற்றினாள்.

எஸ்தரின் கை கழுத்தின் அடிவரை இறங்கி வேகமாகத் திரும்பி வந்தது. கட்டைவிரல் மேட்டில் முட்டி நின்றது. மறுபடி இறங்கினாள். மறுபடி அங்கேயே வந்து நின்றாள். மூன்றாம் தடவை தெருவைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்தாள்.

"மேடையில சில பாட்டுக்கு லைட்டை அணைச்சிடுவாங்கப்பா" என்றாள். "கை எங்க வந்திருக்குன்னே தெரியாது. இதுல தெரியுது."

தூரிகையிலிருந்து ஒரு சொட்டுப் பெயிண்ட் தரையில் விழுந்தது. குணசீலன் தூரிகையைக் கீழே வைத்தார். டப்பாவின் மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.

"அந்தக் கப்பல்" என்றார். "முதல்ல எந்த ஊருக்கும்மா போகுது?"