சென்னியப்பன் அடித்துக் காட்டிய ஹெல்மெட்

கோயம்புத்தூரில் சென்னியப்பனின் ஹெல்மெட் கடைக்கு யார் போனாலும், அவர் பதினைந்தாயிரம் ரூபாய் ஹெல்மெட் ஒன்றைத் தரையில் ஓங்கி அடித்து, "பாத்தீங்களா, கீறல்கூட இல்லை" என்பார். அதையே துடைத்துப் பெட்டியில் போட்டு விற்றும் விடுவார்.

டயர் பட்டறையில் வேலை செய்யும் ரெஜினாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பிஎம்எக்ஸ் சைக்கிள் பந்தயம். முகவாய் வரை மூடும் ஹெல்மெட் இல்லாமல் களத்தில் விடமாட்டார்கள். சென்னியப்பன் கடை மூலையில் கிடந்த மூவாயிரம் ரூபாய் ஹெல்மெட்டில் தரமுத்திரை இருந்தது. மாட்டிக்கொண்டு தலையை உலுக்கினாள். அது அசையவில்லை.

"உன் தலைக்கு அவ்வளவுதான் மதிப்பா?" என்று சிரித்த சென்னியப்பன், கையிலிருந்த பதினைந்தாயிரம் ரூபாய் ஹெல்மெட்டை மறுபடியும் தரையில் அடித்தார். "இதைவிட அது உசத்தின்னு என் வாயாலயே சொல்ல வை. சும்மாவே தர்றேன்."

"பந்தயத்துல விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடலாமுங்களாண்ணா?"

இன்னொன்று விற்கும் ஆசை அவருக்கு. "கூடவே கூடாது! வெளியே ஒண்ணும் தெரியாது, உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். அடிபடாததுதான் தலையைக் காப்பாத்தும்."

"உங்க கையில இருக்கறது இன்னைக்கு எத்தனை அடி வாங்குச்சுங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சென்னியப்பன் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"அந்த மூவாயிரம் ரூபாய் ஹெல்மெட்டையே சும்மா எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

ரெஜினா வாசல்வரை போய்த் திரும்பினாள். "இதுக்கு முன்னாடி அடிச்சுக் காட்டினதெல்லாம் இப்ப யார் யார் தலையில இருக்குதுங்கண்ணா?"

யாரும் சிரிக்கவில்லை. சென்னியப்பன் பழைய பில் புத்தகத்தை எடுத்து, முதல் போன் நம்பரைத் தேடினார்.